ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினியின் பெயர்: 141 வருடம் தாமதம்

2 ஜனவரி 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

கொல்கத்தா ஸ்டார் தியேட்டருக்கு இனி பினோதினி தியேட்டர் என்று பெயராம். மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி டிசம்பர் 30 அன்று அறிவித்திருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் ஊரே ஸ்டார் என்று அழைத்த அரங்கம் அது. ஒரு நடிகையைக் கௌரவிக்க வேண்டுமென்றால் புதிதாக ஒன்று கட்டி அவர் பெயரை வைக்கலாமே? இருக்கும் பெயரை எடுப்பது வரலாற்றை அழிப்பதுதானே?

2 ஜனவரி, இரவு

இல்லை. எந்த வரலாறு என்பதுதான் கேள்வி. ஸ்டார் என்ற பெயரே ஒரு வாக்குறுதியை மீறி வைக்கப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பேசலாம்.

1883. கிரீஷ் சந்திர கோஷ் அப்போது பிரதாப் சந்த் ஜஹுரி என்ற முதலாளியின் நேஷனல் தியேட்டரில் இருக்கிறார். நாடகம் எழுதுகிறார், நடிக்கிறார், நடிக்கச் சொல்லியும் தருகிறார். அவருடைய முதல் மாணவி பினோதினி தாசி. வயது இருபது. பதினோரு வயதில், மாதம் பத்து ரூபாய் சம்பளத்தில், திரௌபதியின் தோழியாக ஒரு சின்ன வேடத்தில் மேடையேறியவர். கணிகையர் தெருவில் பிறந்தவர். அன்றைய கல்கத்தாவில் மேடைக்கு வந்த பெண்கள் எல்லோரும் அங்கிருந்துதான் வந்தார்கள். குடும்பப் பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. இவர்களுக்கு மற்ற எல்லாக் கதவும் மூடியிருந்தன.

ஜஹுரி கணக்கில் கறாரானவர். விடுப்பில் போன நாட்களுக்குப் பினோதினிக்குச் சம்பளம் கிடையாது என்றார். கிரீஷின் குழுவுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. சொந்தமாக ஒரு தியேட்டர் வேண்டும், கையில் காசு இல்லை. அந்த நேரத்தில் வந்தார் குர்முக் ராய் என்ற மார்வாரி இளைஞர். பணம் தருகிறேன், தியேட்டர் கட்டித் தருகிறேன், ஆனால் பினோதினி எனக்கு வேண்டும் என்றார். அவருக்கு நாடகத்தின் மேல் ஆசை கிடையாது, பினோதினியின் மேல்தான் ஆசை.

பினோதினி அப்போது வேறொரு செல்வந்தரின் ஆதரவில் இருந்தார். கிரீஷும் கூட நடித்தவர்களும் அவரிடம் கெஞ்சினார்கள். நீ மனது வைத்தால் நம் எல்லோருக்கும் ஒரு வீடு கிடைக்கும் என்று சொன்னார்கள். நடுவில் குர்முக் ராயே வந்து, தியேட்டர் எதற்கு, ஐம்பதாயிரம் ரூபாயை ரொக்கமாகத் தருகிறேன், வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு என்றார். 1883-இல் ஐம்பதாயிரம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். பினோதினி வேண்டாம் என்றார். தியேட்டர்தான் வேண்டும் என்றார். பழைய ஆதரவாளர் கத்தியோடு வந்து வெட்ட ஓங்கியதும், இவர் குனிந்துகொள்ள வெட்டு ஹார்மோனியத்தின் மேல் விழுந்ததும் இந்தச் சமயத்தில்தான்.

பீடன் தெருவில் 68-ஆம் எண் மனையைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டத் தொடங்கினார்கள். உன் பெயரைத்தான் வைக்கப் போகிறோம், உன் பெயரின் முதல் எழுத்தால் பி தியேட்டர் என்று வரும், நீ இறந்த பிறகும் உன் பெயர் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பினோதினி நம்பினார். பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்தபோது ஆவலாகக் கேட்டார்: என்ன பெயர்? குழுவைச் சேர்ந்த தாசு பாபு உற்சாகமாகச் சொன்னார்: ஸ்டார்.

கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகவும், இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை என்றும் பினோதினி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்துத்தான் நான் வரலாறு என்று சொல்கிறேன்.

3 ஜனவரி

பினோதினியா வினோதினியா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நம் வினோதினிதான். வங்காளிகள் வாயில் வகரம் பகரமாகிவிடும், விவேகானந்தரே அங்கே பிபேகானந்தர்தான். அதனால்தான் பி தியேட்டர். கல்கத்தாவில் அவரை எப்படி அழைத்தார்களோ அப்படியே எழுதுகிறேன்.

4 ஜனவரி

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டவருக்கு.

1986-இல் வேலை கிடைத்துக் கல்கத்தா போனேன். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர் மெஸ் ஒன்றில் தங்கினேன். அந்தப் பகுதியில் இறங்கினால் முருங்கைக்காயும் வாழை இலையும் கிடைக்கும், தமிழ்ப் பத்திரிகை கிடைக்கும், வங்காளி ஒரு வார்த்தை தெரியாமலே வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டிராமில் ஏற்றி, இன்றைய ஸ்டார் இருக்கும் ஹாதிபாகான் கூட்டிப் போனார்.

வடக்குக் கல்கத்தா எனக்கு வேறு நாடாக இருந்தது. நடைபாதை முழுக்கச் சேலைக் கடைகள், அவற்றின் நடுவே டிராம் ஊர்ந்து போகிறது. ஸ்டாரின் முகப்பில் சுண்ணாம்பு உரிந்திருந்தது, ஆனாலும் தூண்களும் வளைவுகளும் சேர்ந்து பழைய ஜமீன் வீட்டின் மிடுக்கு. வாசலில் காகிதப் பொட்டலத்தில் பொரி வாங்கிக் கொடுத்தார். கடுகெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. நாடகத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, நடிகர் பேசுவதற்கு முன்பே வசனத்தை உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை முறை பார்த்தாரோ.

வியாழன், சனி, ஞாயிறு நாடகம் என்பது அந்த வட்டாரத்தின் பழக்கம். 1953-இல் உத்தம் குமாரும் சாவித்திரி சட்டர்ஜியும் நடித்த 'ஷ்யாமளி' இதே மேடையில் 484 முறை நடந்தது. சினிமாவில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஒருவர் வாரம் தவறாமல் ஒரே நாடகத்துக்கு வந்து நின்றிருக்கிறார்.

இடைவேளையில் அண்ணன் மேலே இருந்த பாக்ஸ் ஒன்றைக் காட்டினார். அங்கே உட்கார்ந்துதான் ராமகிருஷ்ணர் 'சைதன்ய லீலா' பார்த்தார், வைணவ மகான் சைதன்யராக அன்று நடித்தவர் பினோதினிதான் என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பினோதினி என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன்.

7 ஜனவரி

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான திருத்தம் சொல்லியாக வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அண்ணன் காட்டிய பாக்ஸில் ராமகிருஷ்ணர் உட்காரவில்லை. உட்கார்ந்திருக்கவும் முடியாது. அவர் நாடகம் பார்த்தது 1884 செப்டம்பர் 21, பீடன் தெரு ஸ்டாரில். ஹாதிபாகான் ஸ்டார் திறந்தது 1888 மே மாதம். ராமகிருஷ்ணர் 1886-லேயே சமாதியாகிவிட்டார்.

நடந்தது இது. குர்முக் ராய்க்கு வீட்டிலிருந்து நெருக்கடி, உடம்பும் சரியில்லை. கொஞ்ச காலத்திலேயே தியேட்டரைக் கைகழுவினார். பினோதினிக்குப் பாதிப் பங்கு எழுதிவைக்க விரும்பினார். கிரீஷ் பினோதினியின் தாயாரிடம் பேசி, உரிமையெல்லாம் நமக்கு எதற்கம்மா என்று அதைத் தடுத்துவிட்டார். கடைசியில் பதினோராயிரம் ரூபாய்க்குக் குழுவில் இருந்த நான்கு ஆண்கள் வாங்கினார்கள். பெயரும் இல்லை, பங்கும் இல்லை.

1887-இல் கோபால் லால் சீல் என்ற பணக்காரர் அந்த மனையை வாங்கி, கட்டிடத்துக்கு எமரால்டு தியேட்டர் என்று பெயர் வைத்தார். ஸ்டார் குழு தன் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு ஹாதிபாகானுக்கு வந்தது. கிரீஷை எமரால்டு பெரிய தொகை கொடுத்து இழுத்துக்கொண்டது. அந்தத் தொகையிலிருந்து பதினாறாயிரம் ரூபாயை அவர் பழைய தோழர்களுக்குக் கொடுத்தார், அதை வைத்துத்தான் ஹாதிபாகான் ஸ்டார் எழுந்தது. எமரால்டின் ஒப்பந்தம் தடுத்ததால், திறப்பு விழா நாடகமான 'நசீராம்'-ஐ தன் பெயர் போடாமல் 'சேவகன்' என்று போட்டு எழுதிக்கொடுத்தார்.

பினோதினியோ 1886 முடிந்து 1887 பிறக்கும் தறுவாயிலேயே மேடையை விட்டுவிட்டார். அப்போது வயது இருபத்து மூன்றோ நான்கோ.

ஆக, இன்று பினோதினி பெயரைத் தாங்கப் போகும் ஹாதிபாகான் கட்டிடத்தில், ஸ்டார் குழுவின் நடிகையாக அவர் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

நான்கு நாளாக இதை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் அவ்வளவு உறுதியாக 'இல்லை' என்று பதில் சொன்னேனே, அந்த உறுதி அப்படியேதான் இருக்கிறதா? கேள்வி கேட்ட வாசகர் பக்கம் ஒரு நியாயம் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பினோதினி தியாகம் செய்தது ஒரு கட்டிடத்துக்கு, பெயர் போவது இன்னொன்றுக்கு.

7 ஜனவரி, சற்று நேரம் கழித்து

சரி, பழைய கட்டிடத்துக்கே வைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. எமரால்டு பிறகு கிளாசிக் ஆனது, கோஹினூர் ஆனது, மன்மோகன் ஆனது. சென்ட்ரல் அவென்யூவை வடக்கே நீட்டியபோது அந்தச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். பினோதினி அப்போது உயிரோடு இருந்தார். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். போய்ப் பார்த்தாரா, கடப்பாறை விழும் சத்தம் கேட்டாரா?

8 ஜனவரி

ஒரு நண்பர் நியூயார்க் உதாரணம் கொடுத்திருக்கிறார், மிகவும் பொருத்தம். நடிகை ஹெலன் ஹேய்ஸ் பெயரில் ஒரு தியேட்டர் இருந்தது. 1955-இல் வைத்த பெயர். ஹோட்டல் கட்டுவதற்காக 1982-இல் அதை இடித்தார்கள். அடுத்த வருடமே, லிட்டில் தியேட்டர் என்று இருந்த இன்னொரு அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். செங்கல் போனாலும் பெயரைத் தெருவில் விட்டுவிடாமல் எடுத்து வேறு வாசலில் மாட்டினார்கள்.

அதே ஊரில் எனக்கு இன்னும் உறைக்கிற கதை, நடிகை எதெல் பேரிமோர் பெயரில் உள்ள தியேட்டர். ஷூபர்ட் சகோதரர்கள் பெரிய முதலாளிகள். பேரிமோர் தங்களிடம் நடிக்க வர வேண்டும் என்பதற்காக, வந்தால் உங்கள் பெயரில் ஒரு தியேட்டரே கட்டுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்தார், கட்டினார்கள். 1928 டிசம்பர் 20 அன்று அவருடைய நாடகத்தோடுதான் திறந்தார்கள். இன்றுவரை அதே பெயர்.

பேரம் ஒன்றேதான். நீ வா, உன் பெயரை வைக்கிறோம். நியூயார்க்கில் சொன்னதைச் செய்தார்கள். அந்தப் பெண் புகழ்பெற்ற நடிகர் குடும்பத்தில் பிறந்தவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருந்தவர். கல்கத்தாவில் யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கணிகையின் பெயர் வாசலில் இருந்தால் கௌரவமானவர்கள் டிக்கெட் வாங்க வருவார்களா என்ற பயம் அவர்களுக்கு. அதே கணிகை மேடையில் நின்றால் மட்டும் பார்க்க வருவார்கள், அதில் சந்தேகமே இல்லை.

11 ஜனவரி

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது, நடிப்பு நிலைத்திருந்தால் போதாதா என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. கொல்கத்தாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாக்பஜாரில் கிரீஷ் மஞ்சம் (வங்காளத்தில் மஞ்சம் என்றால் மேடை). அவர் வீட்டை ஒட்டி ஓடும் சாலை கிரீஷ் அவென்யூ. வீட்டை இடிக்காமல் சாலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிற்கால நடிகர் சிசிர் குமார் பாதுரிக்குச் சிசிர் மஞ்சம். எல்லாவற்றையும்விட, பீடன் தெருவின் ஒரு பகுதிக்கு இன்று தானி கோஷ் சரணி என்று பெயர். தானி கோஷ் யார் தெரியுமா? கிரீஷின் மகன். பினோதினி கட்டிய தியேட்டர் இருந்த தெருவுக்கு, அவரிடம் வாக்குக் கொடுத்தவரின் மகன் பெயர். தானி கோஷ் நல்ல நடிகர், அந்தப் பெயரை நான் குறை சொல்லவில்லை. ஆண்களுக்குப் பெயர் வைக்கும்போது வரலாறு அழிகிறதே என்று யாரும் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். நடிகைக்கு ஒரு கூடம்கூட அந்த ஊரில் இல்லை.

12 ஜனவரி

கடைசி வாக்கியம் தவறு. கொல்கத்தாவில் இருக்கும் ஒரு சகோதரி சுட்டிக்காட்டியிருக்கிறார். நாடக அகாடமி வளாகத்தில் திருப்தி மித்ரா பெயரில் சிறிய அரங்கம் ஒன்று உண்டு. சிறியது என்றாலும் உண்டு. கோபத்தில் எழுதினால் இப்படித்தான் ஒரு பெரிய நடிகையை நானே மறந்துவிடுகிறேன். திருத்திக்கொள்கிறேன்.

15 ஜனவரி

பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர், மடத்துப் பக்தர், இந்த இழையைப் படித்துவிட்டு, ராமகிருஷ்ணர் பார்த்த கதையை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். நியாயம்தான். தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு ஸ்டார் தியேட்டர் என்ற பெயரே ராமகிருஷ்ணரின் உரையாடல்களைத் தமிழில் படித்துத்தான் தெரியும்.

'சைதன்ய லீலா' 1884 ஆகஸ்டில் மேடையேறியது. நிமாய், அதாவது துறவுக்கு முந்தைய சைதன்யர், பினோதினிதான். முதல் நாள் இரவு தூங்காமல், விடிந்ததும் கங்கையில் குளித்து, துர்கையின் பெயரை 108 முறை எழுதிவிட்டு மேடைக்குப் போனதாகச் சொல்கிறார். ஒரு பெண், அதுவும் அந்தத் தெருப் பெண், வைணவர்களின் தெய்வமாக நிற்கிறாள். இன்றைக்கு அப்படி ஒரு நாடகம் போட்டால் எத்தனை வழக்கு வரும்?

ராமகிருஷ்ணர் செப்டம்பரில் வந்தார். பக்தர்களில் சிலருக்கே தயக்கம், விலைமாதர் நடிக்கும் இடமாயிற்றே என்று. அவர் பார்த்தார், பரவசத்தில் மூழ்கினார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, அசலும் நகலும் ஒன்றாகத்தான் பார்த்தேன் என்றார். பினோதினியைத் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

அடுத்த வருடம் தொண்டைப் புண்ணோடு அவர் ஷ்யாம்புகூர் வீட்டில் கிடந்தபோது, வெளியாட்களை அனுமதிக்கவில்லை. பினோதினி கோட்டும் தொப்பியும் போட்டு, வெள்ளைக்கார ஆண் போல வேடமிட்டு உள்ளே போனார். யார் என்று தெரிந்ததும் ராமகிருஷ்ணர் சிரித்துவிட்டாராம். காலில் விழுந்து அழுதுவிட்டு வந்தார். காவலுக்கு நின்ற சீடர்களை ஏமாற்றும் அளவுக்கு ஒப்பனையும் நடையும் அமைந்திருக்கின்றன என்றால், அன்று அவர் எப்படிப்பட்ட நடிகையாக இருந்திருப்பார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரே நாடகத்தில் ஏழு வேடம் கட்டியவர்.

19 ஜனவரி

இன்னொரு உதாரணம் கேட்டவருக்கு: பாரிஸ். நடிகை சாரா பெர்னார்ட் யாரிடமும் பெயர் கேட்டு நிற்கவில்லை. 1899-இல் ஷாட்லே சதுக்கத்தில் நகராட்சிக்குச் சொந்தமான அரங்கத்தைத் தானே குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். 1923-இல் அவர் இறந்த பிறகும் பெயர் இருந்தது. ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தபோது எடுத்துவிட்டார்கள், அவர் யூத வம்சத்தவர் என்பதற்காக. போர் முடிந்ததும் திரும்ப வைத்தார்கள். 1968-இல் தியாத்ரு த லா வில் ஆகிவிட்டது, அதாவது நகர அரங்கம். மூலையில் இருக்கும் காபிக் கடையில்தான் அவர் பெயர் மிச்சம்.

ஒரு பெயரை எடுப்பதும் வைப்பதும் சாதாரணக் காரியம் இல்லை என்பதற்கு அந்த வாசலே சாட்சி.

20 ஜனவரி

பிரான்ஸில் இருக்கும் ஈழத்து அண்ணா ஒருவர் எழுதியிருக்கிறார்: தம்பி, நீர் பழைய கதையில் நிற்கிறீர். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023-இல் அதைத் திறந்தபோது தியாத்ரு த லா வில் - சாரா பெர்னார்ட் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள்.

மிக்க நன்றி அண்ணா. இது எனக்கு ஒரு வழியையும் காட்டுகிறது. ஸ்டார் என்ற பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஹாதிபாகான் மக்கள் டிராமில் இறங்கும்போது ஸ்டார் என்றுதான் சொல்வார்கள், இன்னும் ஐம்பது வருடம் சொல்வார்கள். வாசலில் இரண்டு பெயரும் இருக்கட்டும், மேலே பினோதினி, கீழே ஸ்டார். முதல் கேள்வி கேட்ட வாசகருக்கும் இது சம்மதமாக இருக்குமா?

22 ஜனவரி

சம்மதம் என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்திருக்கிறது. மேலே யார், கீழே யார் என்பதில் மட்டும் அவருக்கு வேறு கருத்தாம். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

2 பிப்ரவரி

கிரீஷை வில்லனாக்கிவிட்டேன் என்று புகார். அப்படித் தோன்றினால் அது என் எழுத்தின் குறை. வங்க மேடையைத் தோளில் சுமந்தவர் அவர். பதினாறாயிரத்தைத் தூக்கிக் கொடுத்தவர், அந்தப் பணம் தன்னிடமே வைத்துக்கொள்ள முழு உரிமை உள்ள பணம். பினோதினியும் கடைசிவரை அவரைக் குரு என்றுதான் சொன்னார். ஒரு மனிதர் தோழர்களுக்கு வள்ளலாக இருந்துகொண்டே, பெண் தோழிக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிட முடியும். அதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

பினோதினி தன் வரலாற்றை, 'ஆமார் கதா', எழுதியபோது கிரீஷிடமே முன்னுரை கேட்டார். அவர் எழுதிக் கொடுத்தார். பினோதினிக்குத் திருப்தியில்லை. நடந்த உண்மைகள் பல அதில் இல்லை என்றார். சரி, நான் சாவதற்கு முன் உனக்கு வேறொன்று எழுதித் தருகிறேன் என்று கிரீஷ் சொன்னார். 1912 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அந்த முன்னுரை வரவே இல்லை. முன்னுரையும் வாக்குறுதியாகவே போய்விட்டது.

எனக்கு இந்த இடம் பெயர் விஷயத்தைவிட வலிக்கிறது. குரு தன்னைப் பற்றி உண்மையை ஒரு தடவை எழுதிவிட்டால் போதும் என்று ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண் காத்திருந்திருக்கிறாள்.

12 பிப்ரவரி

இன்று பினோதினி இறந்த நாள், 1941. மேடையை விட்ட பிறகு ஐம்பத்து நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறார். நடித்தது பன்னிரண்டு வருடம். இடையில் கவிதைத் தொகுப்புகள் இரண்டு எழுதினார். மகள் சிறுமியாகவே இறந்துபோனாள். கிழவியான பிறகும் அந்தத் தியேட்டர்க்காரர்களின் நாடகங்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

ஸ்டாரின் பின்கதையும் சொல்லிவிடுகிறேன். 1991 அக்டோபரில் தீப்பிடித்து உள்ளே முழுக்க எரிந்தது. நான் அப்போது ஊர் மாறிவிட்டேன். பொரி வாங்கிக் கொடுத்த அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். முகப்பு மட்டும் நிற்கிறது, வாசல் வழியாகப் பார்த்தால் வானம் தெரிகிறது என்று இரண்டு வரி. கொல்கத்தா மாநகராட்சி எடுத்துப் பழைய முகப்பைக் காப்பாற்றி, உள்ளே புதிதாகக் கட்டி, 2004-இல் திறந்தது.

2011-இல் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். முகப்பு வெள்ளை வெளேரென்று, இரவில் விளக்குப் போட்டு அழகாக இருந்தது. உள்ளே சினிமா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் சுருங்கியது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்து சமாதானமானேன். 1898-இல் ஸ்டீவன்சன் என்பவர் படம் காட்டியது இதே ஸ்டாரில்தான். அதைப் பார்த்துத்தான் வங்க சினிமாவின் முன்னோடி ஹிராலால் சென் கேமராவை எடுத்தார். சினிமா அந்த வீட்டுக்குப் புது விருந்தாளி கிடையாது. ஆனாலும் பினோதினி என்று பெயர் வைத்தபின் மாதத்தில் சில நாளாவது அந்த மேடையில் ஆட்கள் நின்று நடிக்க வேண்டும். அந்த ஒன்று மட்டும் எனக்கு ஆசை.

அன்று கல்யாண வீட்டிலிருந்து பீடன் தெருவுக்கும் நடந்து போனேன். சென்ட்ரல் அவென்யூ அதைக் குறுக்கே வெட்டும் இடத்தில் நின்றேன். பஸ், லாரி, டாக்ஸி. ஓரத்தில் ஒருவர் மண் குவளையில் டீ விற்றுக்கொண்டிருந்தார். 68-ஆம் எண் எது என்று கேட்டேன். இதுதான் என்று கையால் நடுச்சாலையைக் காட்டினார்.

1 மார்ச்

பினோதினி கட்டிய தியேட்டர் என்று ஜனவரி 11 குறிப்பில் எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டியது குர்முக் ராயின் பணம், மிகைப்படுத்த வேண்டாம் என்கிறார்.

மிகை இல்லை. 'ஆமார் கதா'வில் அவரே எழுதியிருப்பது இது. கட்டிட வேலை நடக்கும்போது பகலெல்லாம் அங்கேயே இருப்பார்கள். இரவு சிலர் மட்டும் நின்று வேலை வாங்குவார்கள். இருக்கைகள் வரும் இடத்தை மேடாக்க மண் நிரப்ப வேண்டும். பினோதினி தானே கூடையில் மண் சுமந்து கொட்டினார். கூலிக்காரர்கள் சோர்ந்துவிடக் கூடாதென்று, கூடைக்கு நான்கு சோழி என்று தன் கையிலிருந்து கொடுத்தார்.

நான்கு சோழி வங்காளக் கணக்கில் ஒரு கண்டா. கூலியாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து கையை நீட்டுவான், பினோதினி எண்ணிப் போடுவார், பிறகு தன் கூடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போவார்.